வல்லவனுக்குத்தான் புல்லும் ஆயுதம், கத்துக்குட்டிக்கு இல்லை

நீளமான பதிவு இது. ‘அருமை டீச்சர்’ என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டு ஓடாமல், ராத்திரி சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். யார் மேல் கோபம் என்பது போகப் போகத் தெரியும். நம்மைத்தான் சொல்கிறார்களோ என்று பாதிப் பேருக்குத் தோன்றும். தோன்றட்டும்.

போன மாதம் துபாயில் இருக்கிற நம்ம பையன் ஒருவன் படங்கள் போட்டிருந்தான். பேர் சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு, ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்ச். அவனுக்குத் தெரியும். நாற்பது வயதைத் தாண்டி இப்போது கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான். சந்தோஷம். மட்டை வாங்குவதற்கு முன்னால் அளவெடுக்கப் போனானாம். ‘கோல்ஃப்ல இவ்வளவு பிசிக்ஸ் இருக்கு டீச்சர்’ என்று என்னையும் டேக் செய்திருந்தான். நான் ஒரு வரி விடாமல் படித்தேன்.

முதலில் உயரம் பார்த்தார்களாம். அதோடு விடவில்லை. கையைத் தொங்கவிடச் சொல்லி மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்திருக்கிறார்கள். ஏனென்றால் ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும், இன்னொருவருக்குக் குட்டையாக இருக்கும். அப்புறம் மட்டையின் தண்டும் அடியில் உள்ள தலையும் சேர்கிற கோணம். அது ஆளுக்குப் பொருந்தாவிட்டால் தலையின் ஒரு முனை தரையில் படும், மறுமுனை தூக்கிக்கொள்ளும். நேராகத்தான் வீசினோம் என்று நினைப்போம், பந்து பக்கவாட்டில் போகும். அப்புறம் தண்டு எவ்வளவு வளையலாம் என்று பார்த்தார்களாம். மெதுவாக வீசுகிறவருக்குக் கொஞ்சம் வளைகிற தண்டு, வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பான தண்டு. கடைசியாகக் கைப்பிடியின் பருமன், உள்ளங்கையின் அளவுக்குத் தக்கபடி. பையில் 14 மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று அந்த விளையாட்டில் விதி. வாங்குகிறவை அத்தனைக்கும் இந்தக் கணக்கு உண்டு.

இவன் கேட்டிருக்கிறான், ‘நான் இப்பதானே கத்துக்கறேன், எனக்கு எதுக்கு இவ்வளவு?’ என்று. அங்கே இருந்தவர் சொன்ன பதிலையும் எழுதியிருந்தான். கத்துக்கிறவருக்குத்தான் இது முக்கியம். தேர்ந்த ஆட்டக்காரன் எந்த மட்டையைக் கொடுத்தாலும் சமாளிப்பான். கத்துக்கிறவர் பொருந்தாத மட்டைக்கு ஏற்ப உடம்பை வளைத்துக்கொள்வார், அப்புறம் அந்த வளைவு போகாது என்றாராம்.

தங்கமான பதில். இதே பையன், அதே வாரத்தில், நம்ம டோல்கேட்டில் இருக்கிற அக்கா மகனுக்குப் பிறந்த நாள் பரிசாக ஆன்லைனில் கிரிக்கெட் பேட் அனுப்பியிருக்கிறான். தாய்மாமன் சீர். பெரியவர்கள் ஆடுகிற முழு அளவு பேட். பையனுக்கு ஒன்பது வயது. பேட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குக் காட்ட வந்தான். நான் அவனைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். நாலடி நாலங்குலம், அதாவது 52 அங்குலம். பேட் 34 அங்குலம்.

இப்போது கணக்கு போடுவோம். அந்தப் பையன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட வருகிறது பேட். தாய்மாமன் ஐந்தடி எட்டங்குலம். இதே விகிதத்தில் அவனுக்கு ஒரு பேட் செய்தால் 44 அங்குலத்துக்கு மேல் வரும். கிரிக்கெட் விதிப்படி பேட்டின் நீளம் 38 அங்குலத்தைத் தாண்டவே கூடாது! எடையையும் பாருங்கள். அந்த பேட் ஒரு கிலோ இருநூறு கிராம். பையன் 25 கிலோ. மாமன் 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவன் கையில் மூன்று கிலோ அறுநூறு கிராம் இருக்கிற பேட்டைக் கொடுக்கவேண்டும். சம்மட்டி எடைக்குச் சமம். அதை வைத்துக்கொண்டு வேகமாக வருகிற பந்தைத் தடுத்து ஆடு, இடுப்பளவு எகிறினால் வெட்டி ஆடு என்று சொன்னால் ஆடுவானா? ‘எனக்கு வேணாம்டா சாமி’ என்று முதல் நாளே போய்விடுவான். ஒன்பது வயதுப் பையன் அப்படிச் சொல்லமாட்டான். மாமன் வாங்கிக் கொடுத்தது. தோளைத் தூக்கி, முதுகை வளைத்து, எப்படியாவது தூக்கப் பார்ப்பான்.

தனக்கு மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் அளவு. மருமகனுக்குப் படத்தைப் பார்த்து ஆர்டர். இதைத்தான் நான் கேட்கிறேன்.

அவன் ஒருத்தனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவன் செய்ததைத்தான் நம் வீடுகளில் எல்லாரும் செய்கிறோம். கேட்டால் உடனே வருகிற பதில், ‘வளர்ற புள்ள டீச்சர், கொஞ்சம் பெருசா வாங்கினா நாலு வருஷத்துக்கு வரும்.’

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து வந்தது. சீருடைக்கு அது சரி. பேண்ட் அடியில் மூன்று அங்குலம் மடித்துத் தைத்தால் அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். இடுப்பில் பிடித்த தையலைத் தளர்த்தலாம். ஒவ்வொரு ஜூன் மாதமும் அளவு மாற்ற வழி இருக்கிறது. மட்டையில் மடித்துத் தைக்க இடம் ஏது? பெரிய சட்டை போட்ட பிள்ளைக்கு நடை மாறாது. பெரிய மட்டை பிடித்த பிள்ளைக்குப் பிடியே மாறிவிடும். கீழ்க்கை இறங்கும், முழங்கை ஒடுங்கும், மட்டை நேராக இறங்காமல் குறுக்கே சுழலும். இரண்டு வருஷம் கழித்து உயரம் வந்து பேட் சரியாகப் பொருந்துகிறபோது, அந்தக் குறுக்குச் சுழற்சியும் கூடவே நிலைத்திருக்கும். நீங்கள் நாலு வருஷத்துக்கு மிச்சம் பிடித்தது பேட்டை. போனது அந்த நாலு வருஷம்.

பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தினேன், நினைவிருக்கிறதா? கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினால் எளிது, கீல் பக்கம் தள்ளினால் கஷ்டம். விசை மட்டும் போதாது, தூரமும் பார்க்கவேண்டும். சுழற்றுகிற பொருளுக்கு அது இன்னும் கடுமை. ஒரு பொருளைச் சுழற்ற எவ்வளவு சிரமம் என்பது நீளத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பேட் பத்து சதவீதம் நீளமானால், எடை மாறாவிட்டாலும், சுழற்றுகிற சிரமம் 21 சதவீதம் ஏறும். எடையும் இருபது சதவீதம் கூடினால் சிரமம் 45 சதவீதம் கூடும். ‘ஒரு சைஸ்தானே டீச்சர் பெருசு’ என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சைஸ், பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு சைஸாகப் போய்ச் சேராது.

இதை டோல்கேட்டில் உட்கார்ந்து எழுதவேண்டியிருப்பதுதான் எனக்கு வேடிக்கை. நம்ம ஊர் என்ன ஊர்? வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட், இங்கே திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., தெற்கே துறைமுகம். தெருவுக்கு நாலு ஃபிட்டர், ரெண்டு டர்னர், ஒரு வெல்டர். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஐ.டி.ஐ. போய் ஃபிட்டர் ஆனீர்கள்! அந்தத் தொழிலுக்குப் பேரே பொருத்துகிற வேலை. 13-ஆம் நம்பர் போல்ட்டுக்கு 14-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போடுவீர்களா? போட்டால் போல்ட்டின் தலை மழுங்கிப்போகும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது என்று எனக்கே பாடம் சொன்னவர்கள் நீங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு உதவியாளைத் திட்டுகிறீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாலரை அடிப் பிள்ளை கையில் ஆறடி ஆளின் மட்டையைக் கொடுக்கிறீர்கள். பிள்ளை என்ன போல்ட்டைவிட மலிவா?

கேரம் ஆடுகிற ஊரும் இதுதான். செரியன் நகரிலிருந்து போன காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது நாமெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டோம். கேரம் கிளப்பில் ஸ்ட்ரைக்கர் எப்படி வாங்குகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? பத்து ஸ்ட்ரைக்கரை எடுத்து, விரலில் வைத்து, போர்டில் விட்டுப் பார்த்து, இது இழுக்குது, இது கனம், இது வழுக்குது என்று ஒன்பதைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுப்பார்கள். 15 கிராமுக்கு மேல் கனம் கூடாத ஒரு சின்ன வில்லைக்கு இவ்வளவு சோதனை. ஒரு கிலோ கட்டைக்கு மட்டும் ‘கவர் பிரிக்காம குடுப்பா, கிஃப்ட்டு’.

அப்புறம் அந்த ஸ்டிக்கர். பிள்ளைக்கு வேண்டியது அதுதான் என்று எனக்கும் தெரியும். சச்சின் பேட்டில் இருந்தது, கோலி பேட்டில் இருந்தது. அந்த மூன்றெழுத்து எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறீர்களா? 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு பலூன் செய்தார். அதிலிருந்து வளர்ந்த டயர் கம்பெனி அது. நம்ம ஊர்ப் பெருமை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சச்சினோ கோலியோ பேட்டைக் கையில் எடுத்து எடை பார்த்து, கைப்பிடி பார்த்து, இங்கே கொஞ்சம் சீவு, அங்கே கொஞ்சம் விடு என்று சொல்லிச் செய்து வாங்குவார்கள். ஸ்டிக்கர் அதன் மேல் ஒட்டுகிற விளம்பரம். நாம் விளம்பரத்தை வாங்கி, அது ஒட்டியிருக்கிற கட்டை எதுவோ அதை ஏற்றுக்கொள்கிறோம். ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது. சரியான அளவு பேட் வாங்கி, அதில் ஒட்டிக்கொடுங்கள். பிள்ளையும் சந்தோஷப்படும்.

சச்சின் என்றதும் ஒரு மச்சான் வருவார் என்று தெரியும். ‘சச்சினே அண்ணன் அஜித்தோட பெரிய பேட்டை வெச்சுத்தான் ஆடினாரு, அதுவும் அவரு பேட்டு வெயிட்டு தெரியுமா?’ தெரியும் மச்சான். அந்தப் பெரிய பேட்டைத் தூக்க முடியாமல்தான் அவர் கைப்பிடியின் அடிப்பக்கம் பிடிக்கப் பழகினார். 2013-இல் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தப் பிடி அவரை விட்டுப் போகவில்லை. சிறு வயதில் பிடித்தது எவ்வளவு ஆழமாகப் போய் உட்காரும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அவர் அதை வைத்துக்கொண்டே உலகத்தை ஜெயித்தார். ஆனால் நீங்கள் எண்ணுவது ஜெயித்தவரை மட்டும். பெரிய பேட்டைத் தூக்க முடியாமல் பாதியில் விட்டுப் போன பிள்ளைகள் எந்தப் பேட்டியிலும் வரமாட்டார்கள். அவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்கள்.

என் தம்பியின் பேத்தி ஒருத்தி. பத்து வயது. போன 2025 நவம்பர் 2-ஆம் தேதி ராத்திரி நவி மும்பையில் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை ஜெயித்து உலகக் கோப்பை வாங்கினார்களே, அன்றைக்கு அவள் தூங்கவே இல்லை. மறுவாரமே பயிற்சிக்குப் போகவேண்டும் என்றாள். அனுப்பினார்கள், நல்லது. அவள் அண்ணன் வைத்திருந்த ஆறாம் நம்பர் பேட், அண்ணனின் பழைய கிளவுஸ், அண்ணனின் பேட் கட்டுகிற காலுறைகள். காலுறை இவள் தொடை வரைக்கும் வந்தது. ஓடினால் முட்டி மடங்காது. கிளவுஸில் விரல் நுனி அரை அங்குலம் காலி. ‘ஆசை எத்தனை நாளைக்குன்னு பாத்துட்டு அப்புறமா வாங்கலாம்’ என்று வீட்டில் முடிவு. பயிற்சி கொடுத்த இடத்தில் ஒருவர் ‘பாப்பாவுக்குக் கை வேகம் பத்தலை’ என்று சொல்லி, தினமும் கடைசியில்தான் மட்டை கொடுத்தார். மூன்று மாதத்தில் நின்றுவிட்டாள். ‘எனக்கு வரலை அத்தைப்பாட்டி’ என்றாள் என்னிடம்.

எனக்கு வரலை. முப்பத்தி மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை போட்டேன். கணக்கு வரலை, இங்கிலீஷ் வரலை, படம் வரைய வரலை. பாதி நேரம் அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் போர்டு தெரியாமல் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி போட்டதும் வரும்.

பக்கத்து வீட்டிலிருந்து மூன்றாம் நம்பர் பேட் ஒன்று வாங்கி வந்து, மொட்டை மாடியில் அவளுக்கு நானே டென்னிஸ் பந்து போட்டேன். சினிமாவில் வருகிற மாதிரி சிக்ஸர் எதுவும் அடிக்கவில்லை. நிறைய விட்டாள். ஆனால் நாலைந்து தடவை பந்து மட்டையின் நடுவில் பட்டது. நடுவில் பட்டால் ஒரு சத்தம் வரும், ஆடியவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டதும் மட்டையைத் திருப்பி எங்கே பட்டது என்று பார்த்தாள். பயிற்சிக்குத் திரும்பப் போகிறாயா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நம் பழமொழிகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ பிள்ளை வாயைத் திறந்து ‘பேட் கனமா இருக்கு’ என்றால் இதைச் சொல்லி அடக்கிவிடுகிறோம். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? யாராவது ரசமட்டம் வைத்துப் பார்த்தார்களா? இன்னொன்று, ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.’ ஒத்துக்கொள்கிறேன். வல்லவனுக்கு. அந்தப் பழமொழியில் ‘கத்துக்குட்டிக்கு’ என்று எங்கேயும் இல்லை. நாம் செய்வது தலைகீழ். கத்துக்குட்டிக்குப் புல்லைக் கொடுத்து, வல்லவன் ஆனதும் வாளை வாங்கித் தருகிறேன் என்கிறோம்.

‘நாங்கல்லாம் தென்னமட்டையில ஆடினவங்க’ என்று சொல்லுகிற பெரியப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள்தான் எல்லாரையும்விடச் சரியான மட்டையில் ஆடியவர்கள்! தென்னமட்டையை எப்படிச் செய்தீர்கள்? தம்பியைப் பக்கத்தில் நிற்க வைத்து, அவன் இடுப்பு அளவுக்கு வெட்டினீர்கள். பிடிக்கிற இடத்தை அவன் கைக்குத் தக்கபடி அரிவாளால் சீவினீர்கள். கை உறுத்தினால் இன்னும் கொஞ்சம் சீவினீர்கள், சைக்கிள் டியூபைச் சுற்றினீர்கள். காய்ந்த மட்டை, கனமே இல்லை. வளர்ந்தால் வேறொன்று வெட்டினீர்கள், காலணா செலவில்லை. துபாயில் பணம் கட்டி அளந்து வாங்கியதை நீங்கள் அரிவாளை வைத்துச் செய்துவிட்டீர்கள். பிராட்மேன் சின்னப் பையனாக பௌரலில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து அடித்துப் பழகினாரே, கையில் என்ன இருந்தது? ஒரு ஸ்டம்ப். மெல்லிசான குச்சி. பையன் கைக்குத் தூக்க முடிந்த ஒன்று. வறுமையில் பிடித்த மட்டை பொருந்தாத மட்டை என்று யாரும் நினைக்கவேண்டாம். காசு வந்த பிறகுதான் நாம் அளவெடுப்பதை விட்டோம்.

உலகத்தில் மற்ற விளையாட்டெல்லாம் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. டென்னிஸில் 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டவர்களின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தே கூடாது. வேகம் குறைந்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சைப் பந்துகள்தான். கூடைப்பந்தில் ஆண்களுக்கு 7-ஆம் நம்பர் பந்து, பெண்களுக்கு 6. கால்பந்திலும் சின்னப் பிள்ளைகளுக்கு 3, 4 என்று உண்டு. கிரிக்கெட்டிலேயே ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம் வரை, பெண்களுக்கு 140 முதல் 151 வரை, சிறுவர்களுக்கு அதையும்விடக் குறைவு. கோல்ஃபில் பிள்ளைகளுக்கு மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு செட் என்று தனியாகவே செய்கிறார்கள். பெரியவர் மட்டையை அறுத்துக் குட்டையாக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதை அங்கே தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. அறுத்தால் நீளம்தான் குறையும், தலையின் கனம் அப்படியே இருக்கும், தண்டு இன்னும் விறைத்துப்போகும். நம்ம ஊரில் ‘கைப்பிடியை ரெண்டு இன்ச் அறுத்துக் குடுங்க’ என்று தச்சரிடம் போகிறவர்கள் கவனிக்க.

நந்தனத்தில் அண்ணா சாலையோரம் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அங்கே ஆடுகிற வீட்டுப் பிள்ளைக்கு மூன்று அங்குலத்துக்கு ஒரு தடவை மட்டை மாறும். நம்ம பிள்ளைக்கு ஒரே மட்டை, அதுவும் அண்ணன் விட்டது. நமக்கு மைதானமும் இல்லை. கடற்கரை இருந்தது, கடல் அரித்துக் கொண்டுபோய் இப்போது கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சாலையில் கண்டெய்னர் லாரி. சந்திலும் மொட்டை மாடியிலும்தான் ஆட்டம். இவ்வளவு குறையோடு ஆடவருகிற பிள்ளைக்கு, நம் கையில் இருக்கிற ஒரே விஷயத்தையாவது சரியாகச் செய்யக்கூடாதா? இதற்குக் கூடுதல் காசும் இல்லை. சின்ன பேட் பெரும்பாலும் பெரிய பேட்டைவிட விலை குறைவு. காஷ்மீர் வில்லோ போதும். சந்தில் டென்னிஸ் பந்து ஆடுகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் வில்லோ எதற்கு?

சரி, எப்படிப் பார்ப்பது? ஆன்லைனில் வாங்காதீர்கள். டோல்கேட்டில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல். இறங்கி நடந்தால் பெரியமேடு. விளையாட்டுச் சாமான் கடைகள் அங்கே இருக்கின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழக்கமாக ஆடும்போது போடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போகட்டும். பேட்டைக் காலோரம் நேராக நிறுத்தினால் கைப்பிடியின் உச்சி தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பு அளவுக்கு வரவேண்டும். அதைத் தாண்டி வயிற்றுக்கு வந்தால் வைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஆனால் தோராயமாக நாலரை அடிக்கு 3-ஆம் நம்பர், ஐந்தடிக்கு 4 அல்லது 5, ஐந்தடி மூன்றங்குலத்துக்கு 6, ஐந்தரை அடிக்கு ஹாரோ. ஐந்தடி எட்டங்குலத்துக்கு மேல்தான் பெரியவர்கள் பேட். நம்ம துபாய் மருமகனுக்கு 2.

அடுத்தது எடை. வலக்கை ஆட்டக்காரப் பிள்ளை என்றால் மேலே பிடிக்கிற கை இடது கை. அந்த ஒரு கையால் மட்டும் பேட்டைப் பின்னால் தூக்கி, நேராக முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். பத்து தடவை. நுனி தொங்கினால், தோள் காதுக்கு ஏறினால், கனம் அதிகம். இரண்டு அளவுக்கு நடுவில் சந்தேகம் வந்தால் சின்னதை எடுங்கள். கடைக்காரர் ‘வளர்ற புள்ளைக்கா’ என்று கேட்பார். ‘இன்னைக்கு ஆடற புள்ளைக்கு’ என்று சொல்லுங்கள்.

காலுறையில் முட்டிக்கென்று இருக்கிற பஞ்சுப் பகுதி முட்டியில்தான் உட்காரவேண்டும். கிளவுஸில் விரல் நுனி கிட்டத்தட்ட முட்டவேண்டும். ஹெல்மெட்டில் மட்டும் யாராவது ‘வளர்ற தலை’ என்று சொன்னால் நான் நேரிலேயே வருவேன். புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி சென்டிமீட்டர் கணக்கில் அளந்து வாங்குங்கள். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பெரிய ஹெல்மெட் ஓடும்போது கண்ணை மறைக்கும். பந்து வருகிற நேரத்தில் கண்ணை மறைக்கிற ஒன்றுக்குப் பாதுகாப்பு என்று பேர் வைக்காதீர்கள்.

வருஷா வருஷம் வாங்க முடியுமா என்று கேட்பீர்கள். வாங்கவேண்டாம். நம் குடும்பத்திலும் என் மாணவர்கள் வீட்டிலும் பரணில் எத்தனை சின்ன பேட் தூங்குகிறது? அதைக் கொண்டுவாருங்கள். என் வீட்டு வராந்தாவில் வைக்கிறேன். அளவு பார்த்து எடுத்துப் போகட்டும், வளர்ந்ததும் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கட்டும். நோட்டுப் போட்டு எழுதிவைப்பேன், வருகைப் பதிவேடு எழுதின கை இது. கைப்பிடி ரப்பர் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். நடுவில் விரிசல் விட்டது மட்டும் வேண்டாம்.

கொடுக்கிறவர்கள் கீழே பேட்டின் நம்பரை எழுதுங்கள். வேண்டுகிறவர்கள் பிள்ளையின் உயரத்தை எழுதுங்கள், வயது வேண்டாம். அந்தந்த வயதில் பிள்ளைகள் ஒரே மாதிரி வளர்வதில்லை. பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் கூச்சப்படாமல் முதலில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வரலாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அளவெடுக்கத் தையல் டேப் என்னிடம் இருக்கிறது.